யாருடைய தூசி? ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு வழக்குப் போடும் முன்

"முப்பது வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. அங்கே எங்கே திரும்பினாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான்." பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா வந்தவரின் குடும்பம் வக்கீல் முன்னால் உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான். சொல்வது உண்மை, ஆனால் இதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. நீதிமன்றம் கேட்பது பொருளின் பெயர். எந்தக் கம்பெனி செய்த சரக்கு, எந்த ஆண்டு, என்ன வேலை செய்யும்போது தூசி கிளம்பியது, நீங்கள் எத்தனை அடி தள்ளி நின்றீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை? நாற்பது வருஷத்துக்கு முன்னால் காற்றில் கரைந்துபோன தூசிக்கு முகவரி கண்டுபிடிக்கிற வேலை இது. அந்த முகவரி தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் நோயாளிதான். அவருக்கோ நாள் குறைவு.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க நடைமுறை. ஆஸ்பெஸ்டாஸ் வழக்கு என்ற வகையே அங்கே வளர்ந்ததுதான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதை வாசிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்குகளுக்கெல்லாம் மூல வழக்கு கிளாரன்ஸ் போரெல் என்ற தொழிலாளியுடையது. 1936 முதல் 1969 வரை குழாய்களுக்கும் பாய்லர்களுக்கும் வெப்பக்காப்பு உறை போடும் வேலை பார்த்தவர். 1969ல் வழக்குப் போட்டார், விசாரணை தொடங்குவதற்குள் இறந்துவிட்டார். மனைவி அவர் இடத்தில் வாதியாகச் சேர்ந்தார். உயிரோடு இருந்தபோது அவர் கொடுத்த வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகி இருந்தது: நாள் முடிவில் மூக்குக்குள்ளிருந்து கை நிறையத் தூசியை எடுப்பாராம், மூக்கில் மென்தால் களிம்புகூடத் தடவிப் பார்த்தாராம். 1973ல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்து தெரிந்தும் எச்சரிக்காமல் விற்ற உற்பத்தியாளர் பொறுப்பாளி என்ற கோட்பாடு அங்கிருந்துதான் ஆஸ்பெஸ்டாஸுக்குள் வந்தது. அன்றைக்கு அந்த வாக்குமூலம் எடுக்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்தாலே இந்த வழக்குகளின் அவசரம் புரிந்துவிடும்.

வேலை கொடுத்த முதலாளி மீதே ஏன் வழக்குப் போடக்கூடாது என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. முதலாளியிடம் அந்தச் சட்டப்படி வரும் தொகையை வாங்கிக்கொள்ளலாம், தனியாக வழக்குப் போட முடியாது. ரயில்வே தொழிலாளர்களுக்கு 1908ன் கூட்டாட்சிச் சட்டமும், கப்பல் மாலுமிகளுக்கு 1920ன் ஜோன்ஸ் சட்டமும் விதிவிலக்கு. அவர்கள் முதலாளி மீதே போகலாம். ராணுவத்தில் இருந்தவர்கள் பணிக்காலப் பாதிப்புக்கு அரசு மீது வழக்குப் போட முடியாது என்று 1950ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கடற்படைக் கப்பலுக்குப் பம்பும் வால்வும் விற்ற கம்பெனிகள் மீது போடலாம். முன்னாள் படைவீரர் நலத்துறை கொடுக்கும் உதவித்தொகை தனிக் கணக்கு. அதற்கு விண்ணப்பிப்பதும் வழக்கும் ஒன்றுக்கொன்று தடையில்லை. ஆக, முதலாளியை விட்டுவிட்டுப் பொருள் செய்தவன், விற்றவன், சில சமயம் அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் என்று தேட வேண்டியிருக்கிறது. பொருளின் பெயருக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான்.

ஒரே பெயர், இரண்டு கம்பெனி

பெயர் தெரிந்தாலும் ஆண்டு தெரியாவிட்டால் சிக்கல். கேலோ என்ற குழாய் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டமாக வார்த்த கால்சியம் சிலிகேட் துண்டுகள், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் நார். 1958 வரை இதைச் செய்தது ஓவன்ஸ்-இல்லினாய்ஸ். அந்த ஆண்டு தொழிலை ஓவன்ஸ் கார்னிங்குக்கு விற்றுவிட்டது. அட்டைப்பெட்டியில் அதே பெயர்தான் தொடர்ந்தது. 1972 வரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. 1956ல் கேலோவை ரம்பத்தால் அறுத்தவருக்கும் 1965ல் அறுத்தவருக்கும் பிரதிவாதி வேறு வேறு. ஓவன்ஸ் கார்னிங் 2000ல் திவால் மனுப் போட்டு, பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கும் இழப்பீட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. மற்றது பல ஆண்டுகள் நீதிமன்றத்திலேயே வழக்காடிக்கொண்டிருந்தது. "ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ" என்று மொட்டையாகச் சொன்னால் இரண்டு பக்கமும் நழுவும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது வேலை வரலாற்றைக் காகிதத்தில் கொண்டுவருவது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் எஸ்.எஸ்.ஏ.-7050 படிவம் போட்டுக் கட்டணம் செலுத்தினால், எந்த ஆண்டு எந்த முதலாளி சம்பளம் கொடுத்தார் என்ற விவரப் பட்டியல் வரும். வர மாதக்கணக்கில் ஆகலாம். வக்கீலைத் தேடும் அன்றே இதையும் அனுப்பிவிடுங்கள். படையில் இருந்தவர்களுக்கு டி.டி.-214 சான்றிதழில் பணி விவரம் இருக்கும். எந்தக் கப்பல் என்று தெரிந்தால், அந்தக் கப்பலின் பழைய நாட்குறிப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். கப்பல் எந்த மாதம் பழுதுபார்ப்புக்கு ஒதுங்கி நின்றது என்பது அதில் தெரியும், தூசி மிகுந்த மாதங்கள் அவைதான். தொழிற்சங்கத்தில் யாரை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்ற பதிவு இருக்கலாம். பரணில் கிடக்கும் சங்க அட்டை, சம்பளச் சீட்டு, பழைய குழுப் புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். புகைப்படத்தில் அப்பாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்த பைகளில் எழுத்து படிக்கிற மாதிரி இருந்தால், அந்த ஒரு படம் சில சமயம் பத்துச் சாட்சிக்குச் சமம்.

அடுத்து, கூட வேலை பார்த்தவர்கள். நோயாளிக்கு நினைவு தவறும் இடத்தில் அவர்கள்தான் துணை. ஸ்டோரில் சரக்கு எடுத்துக் கொடுத்தவரைத் தேடுங்கள். வேலையாள் கையில் வரும்போது கேஸ்கெட்டில் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடு) பெயர் இருக்காது, ஸ்டோர்காரர்தான் பெட்டியைப் பார்த்திருப்பார். இந்தச் சாட்சிகளுக்கும் வயது எண்பதைத் தாண்டியிருக்கும், அவர்களுக்கும் அதே அவசரம்தான்.

வேலையை எப்படிச் சொல்வது

"வால்வு பழுதுபார்த்தேன்" என்று சொன்னால் அதில் தூசியே இல்லை. அதே வேலையை இப்படிச் சொல்லிப் பாருங்கள். நீராவிக் குழாயை அடைத்துக் குளிரவிட்டு, முதலில் வால்வைச் சுற்றியிருந்த உறையைச் சுத்தியலால் தட்டி உடைக்க வேண்டும். அது பொடியாக உதிரும். பிறகு ஃபிளாஞ்சின் (குழாய் முனையில் உள்ள வட்ட விளிம்பு) போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய கேஸ்கெட் இரண்டு முகத்திலும் வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டியால் சுரண்டி, வராத மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷாலோ, அவசரமென்றால் மின்சாரக் கிரைண்டரிலோ தேய்த்து எடுப்பார்கள். வேலையாளின் முகம் ஃபிளாஞ்சிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். அப்புறம் கசியாமல் இருக்க வால்வுத் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங் கயிறு: முனையில் திருகு வைத்த கொக்கியால் குத்தி வளையம் வளையமாக இழுக்க வேண்டும், சூட்டில் மொறுமொறுத்துப்போனது பொடிப்பொடியாக வரும். கயிறு அடைத்திருந்த குழியின் அடியில் தங்கியதைக் காற்றுக் குழாயால் ஊதி விடுவார்கள். புதுக் கேஸ்கெட்டைப் பெரிய ஷீட்டிலிருந்து ஃபிளாஞ்சின் மேலேயே வைத்து உருண்டைமுனைச் சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டுவார்கள். ஒரு வால்வுக்கு இது எத்தனை மணி நேரம், ஒரு ஷிப்டில் எத்தனை வால்வு, வருஷாந்திரப் பழுதுக்குப் பாய்லரை நிறுத்தும்போது எத்தனை?

இப்படிச் சொன்னால் ஒரே வேலையில் நான்கு பொருள்கள் தனித்தனியாகத் தெரிகின்றன: வெளி உறை, பழைய கேஸ்கெட், பேக்கிங், புது ஷீட். நான்குக்கும் உற்பத்தியாளர் வேறாக இருக்கலாம். வால்வு செய்தவர் ஐந்தாவது ஆள். தன் இயந்திரம் ஓட ஆஸ்பெஸ்டாஸ் பாகம் கட்டாயம் வேண்டும் என்று தெரிந்து விற்றவர், அந்தப் பாகத்தைப் பிறகு வேறொருவர் மாற்றிப் போட்டிருந்தாலும் எச்சரித்திருக்க வேண்டும் என்று கடல்சார் வழக்குகளுக்கு 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டத்தில் இதே கேள்விக்கு விடை இடத்துக்கு இடம் வேறுபடும்.

அடிக்கடி, தொடர்ந்து, அருகில் என்ற மூன்று சொல் அளவுகோலை 1986ல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. பல மாநிலங்கள் அதையே எடுத்துக்கொண்டன. ஒரு கம்பெனியின் பொருள் அந்த ஆலையில் இருந்தது என்பது போதாது. ஒரே ஒரு நார் போனாலும் அதுவும் காரணம்தான் என்று மருத்துவ நிபுணர் சொல்வதை டெக்சாஸ் போன்ற இடங்களில் நீதிபதிகள் ஏற்பதில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்ற அளவு கேட்பார்கள். மேலே சொன்ன மணிக்கணக்கும் எண்ணிக்கையும் அதற்குத்தான். பிரேக் மெக்கானிக் என்றால் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்தது, லைனிங்கை உரசியது, ஓரம் சீவியது என்று தனித்தனியாக. ஜிப்சம் பலகைச் சுவர் வேலை என்றால் இணைப்புப் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, மறுநாள் பெருக்கியது. அந்தப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூடாது என்ற தடை 1977ல்தான் வந்தது.

வேலைக்கே போகாமல் நோய் வந்தவர்களும் உண்டு. கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவிதான் பொதுவான உதாரணம். கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் இதற்கு வழக்கு உண்டு. ஜார்ஜியாவிலும் நியூயார்க்கிலும் முதலாளிக்கு அந்தக் கடமையே இல்லை என்று தீர்ப்பு இருக்கிறது. எங்கே வழக்குப் போடுகிறோம் என்பது இவ்வளவு தூரம் முடிவை மாற்றும். தூசி பட்ட மாநிலம், பிரதிவாதிக் கம்பெனி பதிவான அல்லது தலைமையகம் உள்ள மாநிலம் என்றுதான் பொதுவாக இடம் அமையும், நினைத்த ஊரில் போட முடியாது. ஒரு வக்கீல் உங்களிடம் வேலை விவரம் எதுவும் கேட்காமலே "இல்லினாய்ஸில் மேடிசன் கவுன்டியில் போட்டுவிடலாம்" (ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் குவியும் இடம் அது) என்றால், ஏன் அங்கே என்று கேளுங்கள்.

மருத்துவமனைக் காகிதம்

தூசிக்கு அடுத்து நோய். மீசோதீலியோமா என்றால் நிரூபிப்பதில் ஒரு சலுகை இருக்கிறது: அதற்குத் தெரிந்த முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ், புகைபிடிப்பதால் அது வருவதில்லை. ஆனால் அது மீசோதீலியோமாதானா, நுரையீரலில் தோன்றிய அடினோகார்சினோமா என்ற வேறு புற்றுநோய் உறையில் பரவியதா என்பதில் எதிர்த்தரப்பு சண்டை பிடிக்கும். நுரையீரல் உறையில் தேங்கிய நீரை மட்டும் எடுத்துப் பார்த்த அறிக்கை பெரும்பாலும் போதாது. மார்புக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் தோரகோஸ்கோபி மூலம் எடுத்த திசு வேண்டும். அதில் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1, சைட்டோகெரட்டின் 5/6, டி2-40 ஆகிய சாயங்கள் பிடித்தும், டி.டி.எஃப்.-1, கிளாடின்-4 ஆகியவை பிடிக்காமலும் இருந்தால் மீசோதீலியோமா பக்கம் சாயும். எபிதீலியாய்டு, சார்கோமாட்டாய்டு, இரண்டும் கலந்தது என்று எந்த வகை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இங்கே அதிகம் கெட்டுப்போவது திசு. மெழுகில் பதித்த அந்தச் சின்னக் கட்டியைப் பிளாக் என்பார்கள். ஒவ்வொரு மரபணுச் சோதனைக்கும் அதிலிருந்து சீவிச் சீவி எடுத்தால் கடைசியில் வெறும் மெழுகுதான் மிஞ்சும். சிகிச்சைக்கு வேண்டிய சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை. பத்து, பதினைந்து சாயமிடாத ஸ்லைடுகளை ஒரே தடவையில் சீவி வைத்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பிளாக்கை இயந்திரத்தில் புதிதாகப் பொருத்தும்போது முகத்தைச் சமன்படுத்தவே கொஞ்சம் திசு வீணாகும். மருத்துவமனைகள் பிளாக்குகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடும், ஆகவே அழிக்க வேண்டாம் என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். யாருக்கு எப்போது அனுப்பப்பட்டது, எப்போது திரும்பியது என்ற பதிவு இல்லாமல் பிளாக் நகரவே கூடாது.

நுரையீரல் புற்றுநோய் என்றால் வழக்கு கடினம். புகைபிடித்தவர் என்றதும் எதிர்த்தரப்பு முகம் மலரும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலுக்குப் பக்கத்தில் ஏறுகிறது. 1979ல் வெளியான உறைத் தொழிலாளர் ஆய்வில் ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் என்றால் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல் என்று வந்தது. ஆக, புகைத்தவர் என்பதற்காக வழக்கு முடிந்துவிடவில்லை. தொகை குறையலாம், நடுவர் குழு பொறுப்பைப் பங்கு பிரிக்கலாம். எவ்வளவு தூசி போதும் என்பதற்கு 1997ன் ஹெல்சிங்கி அளவுகோலைக் காட்டுவார்கள்: 25 நார்-ஆண்டு சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரட்டிப்பாகும். ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஒரு நார் இருக்கும் இடத்தில் ஓராண்டு வேலை பார்த்தால் அது ஒரு நார்-ஆண்டு. முதல் தூசிக்கும் நோய்க்கும் இடையே குறைந்தது 10 ஆண்டு இடைவெளி வேண்டும் என்றும் அதில் உண்டு.

ஆஸ்பெஸ்டோசிஸுக்கு (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரலுக்குள் தழும்பு விழும் நோய்) மார்பு எக்ஸ்ரேயைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி படித்து மதிப்பெண் போட வேண்டும், அதற்குத் தேர்வெழுதிச் சான்று பெற்ற பி ரீடர் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 1/0 அல்லது 1/1 என்று ஆரம்ப எல்லை இடத்துக்கு இடம் மாறும். கூடவே நுரையீரல் கொள்ளளவும் வாயுப் பரிமாற்ற அளவும் குறைந்ததைக் காட்டும் சோதனை. வேனை நிறுத்தி நூறு பேருக்கு எக்ஸ்ரே எடுக்கும் இலவச முகாமில் வாங்கிய அறிக்கையை நம்பி இறங்காதீர்கள். 2005ல் டெக்சாஸில் நீதிபதி ஜானிஸ் ஜாக் சிலிக்கா வழக்குகளை ஆராய்ந்தபோது, முன்பு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று கோரிக்கை வைத்த பலரே இப்போது சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்று வந்திருப்பதைக் கண்டார். அதற்குப் பிறகு முகாம் அறிக்கை என்றாலே நீதிமன்றத்துக்குச் சந்தேகம்தான். உங்கள் சொந்த நுரையீரல் மருத்துவர் படித்ததே மேல்.

ஒரு சின்ன விஷயம், பெரிய சேதம் செய்வது: மருத்துவமனையில் சேரும்போது நர்ஸ் கேட்டு எழுதும் பக்கம். "ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு: இல்லை" என்று அங்கே டிக் அடித்திருப்பார்கள், ஏனென்றால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் யாரும் விளக்கமாகக் கேட்கவில்லை. "தொழில்: ஓய்வு பெற்றவர்" என்று மட்டும் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் திரையில் பெரிதாகக் காட்டப்படும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்னென்ன வேலை பார்த்தோம் என்பதைச் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பழையதை அழிக்கவோ மாற்றவோ சொல்லக்கூடாது. புதுக் குறிப்பு சேர்ந்தாலே போதும்.

கடிகாரம்

தூசி பட்ட நாளிலிருந்து எண்ணினால் எல்லா வழக்கும் காலாவதிதான்; மீசோதீலியோமா வெளிப்படவே 20 முதல் 50 ஆண்டு ஆகும். அதனால் நோயும் அதன் காரணமும் தெரிந்த நாள், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து காலவரம்பு ஓடும். டெக்சாஸில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3 ஆண்டு. கலிபோர்னியாவில் 1 ஆண்டுதான், ஆனால் அது நோயால் வழக்கமான வேலை செய்ய முடியாமல் போவதையும் சேர்த்துக் கணக்கிடும் தனி விதி. "தெரிந்திருக்க வேண்டிய நாள்" என்ற சொற்றொடரில்தான் கண்ணி. ஐந்து வருஷம் முன்பு வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் "ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தால், கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்பார்கள்.

பல மாநிலங்களில் நுரையீரல் உறைத் தழும்புக்கும் ஆஸ்பெஸ்டோசிஸுக்கும் ஒரு கடிகாரம், பின்னால் வரும் புற்றுநோய்க்கு வேறொரு கடிகாரம். முன்பு சிறிய தொகைக்குச் சமரசம் செய்திருந்தால் இனி வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த அந்த விடுதலைப் பத்திரத்தைத் தேடி எடுங்கள்: எதிர்காலப் புற்றுநோயையும் சேர்த்து விட்டுக்கொடுத்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வெறும் உறைத் தழும்புக்கு இழப்பீடே இல்லை என்று 2007ல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொன்னது. ஸ்காட்லாந்து 2009ல் தனிச் சட்டம் போட்டு உண்டு என்றது. எல்லை தாண்டினால் அதே எக்ஸ்ரேக்கு வேறு விலை.

நோயாளி இறந்தால் குடும்பத்துக்கு வேறு வழக்கு, வேறு காலவரம்பு. நியூயார்க்கில் அது இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. ஏற்கெனவே போட்ட வழக்கு தானாகக் குடும்பத்துக்கு மாறாது. சொத்துக்குப் பிரதிநிதியை நீதிமன்றம் நியமித்து, அவர் வாதியாகச் சேர வேண்டும்.

டிரஸ்டுகளும் வாக்குமூலமும்

ஜான்ஸ்-மேன்வில் 1982ல் திவால் மனுப் போட்டது, அதன் டிரஸ்ட் 1988ல் தொடங்கியது. 1994ல் திவால் சட்டத்தில் 524(ஜி) பிரிவு வந்தபின் பல கம்பெனிகள் அதே வழியில் போயின. இன்றைக்கு அறுபது அளவில் டிரஸ்டுகள் இருக்கின்றன. இவற்றுக்கு நீதிமன்றம் போக வேண்டாம், கோரிக்கை மனு போதும்: நோய் அறிக்கை, அந்தக் கம்பெனியின் பொருளோடு வேலை பார்த்ததற்குச் சான்று. விரைவு வழியில் போனால் நிர்ணயித்த தொகை, தனிப் பரிசீலனையில் கூடவும் வரலாம், குறையவும் வரலாம். நிர்ணயித்த தொகை கைக்கு வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிரஸ்டும் தன் கையிருப்பைப் பார்த்து ஒரு சதவீதம் வைத்திருக்கும். பட்டியலில் 2,00,000 டாலர், சதவீதம் 10 என்றால் வருவது 20,000. வக்கீல் கட்டணம் அதிலும் போகும்.

இங்கே ஒரு தவறு பலரைக் கவிழ்த்திருக்கிறது. நீதிமன்றத்தில் "கேஸ்கெட் தவிர வேறெதிலும் தூசி பட்டதாக நினைவில்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு இருபது டிரஸ்டுகளில் வேறு பொருட்களைச் சொல்லி மனுப் போடுவது. கார்லாக் கேஸ்கெட் கம்பெனியின் திவால் வழக்கில் 2014ல் நீதிபதி ஜார்ஜ் ஹாட்ஜஸ், முழுதாகத் தோண்ட அனுமதித்த 15 வழக்குகளிலும் வேறு தூசிச் சான்றுகள் மறைக்கப்பட்டிருந்தன என்று எழுதினார். பல மாநிலங்கள் டிரஸ்ட் மனுக்களை விசாரணைக்கு முன்பே காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டன. உள்ளதை உள்ளபடி எல்லா இடத்திலும் ஒன்றாகச் சொல்வதுதான் பிழைக்கிற வழி. பத்துப் பொருள் என்றால் பத்தும்.

வழக்குத் தாக்கல் ஆனதும் வக்கீல் செய்ய வேண்டிய முதல் காரியம் வீடியோ வாக்குமூலத்துக்குத் தேதி வாங்குவது. நோயாளி பலவீனம் என்றால் விரைவு விசாரணைக்கு மனுப் போடலாம்; கலிபோர்னியாவில் அது ஏற்கப்பட்டால் 120 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். வாக்குமூல நாளில் எதிரே இருபது வக்கீல்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் கம்பெனியை மட்டும் கேட்பார். மீசோதீலியோமா நோயாளிகளுக்கு 2020 முதல் கலிபோர்னியா 7 மணி நேர வரம்பு வைத்தது, பிரதிவாதிகள் அதிகமென்றால் நீதிபதி 14 வரை நீட்டலாம். கீமோவுக்கு அடுத்த இரண்டு நாள் வேண்டாம். மயக்கம் வரவழைக்கும் வலி மருந்து எடுத்த நேரத்தைப் பதிவில் சொல்லிவிட வேண்டும்.

எதிர்த்தரப்பின் விருப்பமான கேள்வி: "இந்தப் பெயர் உங்களுக்கு நினைவில் இருந்ததா, வக்கீல் காட்டிய பட்டியலில் பார்த்தீர்களா?" பட்டியலை மனப்பாடம் செய்தவர் இங்கே சிக்குவார். பையின் நிறம், எழுத்தின் நிறம், பெட்டியை எப்படிக் கிழிப்போம், எந்த அளவு ஷீட் வரும் என்று பொருளைக் கண்ணால் பார்த்தவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும். பெயர் மறந்திருந்தால் மறந்துவிட்டது என்பதே சரியான பதில். ஊகித்துச் சொன்ன ஒரு பெயர், சரியாகச் சொன்ன ஒன்பதையும் கெடுக்கும்.

பணம் வரும்போது

பெரும்பாலான பிரதிவாதிகள் விசாரணைக்கு முன் ஒவ்வொருவராகச் சமரசத்துக்கு வருவார்கள். ஒரே பெரிய காசோலை வராது, சின்னதும் பெரிதுமாக மாதக்கணக்கில் வரும். வக்கீல் கட்டணம் பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை. நிபுணர், பயணம், பிரதி எடுக்கும் செலவுகளைக் கட்டணத்துக்கு முன் கழிப்பார்களா, பின் கழிப்பார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கையில் வருவது அதில் மாறும். டிரஸ்டுகளுக்குக் குறைந்த சதவீதம் கேட்கலாம், வேலையும் குறைவுதானே.

மருத்துவச் செலவைக் கொடுத்த மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தன் பணத்தைத் திரும்பக் கேட்கும். ஆனால் அந்தப் பிரதிவாதியின் தூசி முழுக்க 1980 டிசம்பர் 5க்கு முன்பே முடிந்துவிட்டது என்றால் அந்தச் சமரசத் தொகையில் மெடிகேர் பங்கு கேட்பதில்லை. அதற்குப் பின்னும் தூசி பட்டதாக மனுவிலோ விடுதலைப் பத்திரத்திலோ அலட்சியமாக எழுதி வைத்தால் இந்தப் பலன் போய்விடும். உடல் பாதிப்புக்கான இழப்பீட்டுக்கு மத்திய வருமான வரி இல்லை, வட்டிக்கும் தண்டனைத் தொகைக்கும் உண்டு.

கடைசியாக, பேசவே கசப்பான ஒன்று. நோய்க்கண்டறிதலில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால், அல்லது திசு தீர்ந்துபோயிருந்தால், இறந்தபின் பிரேதப் பரிசோதனை செய்து நுரையீரல் திசுவை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்களை, அதாவது உடல் இரும்புச்சத்துப் பூச்சால் மூடிவைத்த நார்களை, எண்ணலாம். உலர்ந்த திசு ஒரு கிராமுக்கு 1,000க்கு மேல் துகள் இருந்தால் தொழிலில் பட்ட தூசி என்று ஹெல்சிங்கி அளவுகோல் எடுத்துக்கொள்கிறது. உடலைப் பதப்படுத்தும் முன், முடிந்தால் அன்றே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. யார் கையெழுத்துப் போடுவது, எந்த நோயியல் மருத்துவரை அழைப்பது என்று நோயாளி இருக்கும்போதே பேசி எழுதி வைத்தால் அந்த இரவில் யாரும் தடுமாற மாட்டார்கள். இறப்புச் சான்றிதழில் "சுவாசச் செயலிழப்பு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள், அதற்கு அடிக்காரணம் என்ற வரியில் மீசோதீலியோமா இருக்கிறதா என்று கையெழுத்தாகும் முன் பாருங்கள். அப்புறம் திருத்த ஒரு விண்ணப்பம், மருத்துவரின் கடிதம், பல வாரக் காத்திருப்பு.